டிக்கியில் இருந்த சிலிண்டர்

நாற்பத்தைந்து. இந்த எண்ணை மனதில் வையுங்கள். பெட்ரோல் காருக்கு நூறு ரூபாய் செலவாகும் தூரத்தை, கேஸ் மாட்டிய கார் நாற்பத்தைந்தில் ஓடிவிடும். கம்பெனிக்காரன் அடித்துவிட்ட விளம்பரம் அல்ல இது. டாக்சி ஓட்டும் ஒருவர் ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு. ஸ்டாண்டில் அவர் பெயரே நாப்பத்தஞ்சு என்று ஆகிவிட்டது.

வாய் சும்மா இருக்காது அவருக்கு. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதே ஸ்டாண்டில் பெட்ரோலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்ரோல் பங்கிலிருந்து அவன் திரும்பும்போதெல்லாம், "வாங்க மகாராஜா, இன்னிக்கு எவ்வளவு எரிச்சீங்க?" என்பார். ஸ்டாண்டே சிரிக்கும். மச்சானும் சளைத்தவன் இல்லை. கேஸ் பங்க் வரிசையில் இவர் காத்துக் கிடக்கும் நேரத்தில் இரண்டு சவாரி அடித்துவிட்டு வந்து, "மாமா, இன்னும் நிக்கிறீங்களா? தலகாணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அந்தக் காத்திருப்புக்கும், மேட்டில் வண்டி திணறியதற்கும், சீக்கிரமே தேய்ந்த வால்வுகளுக்கும் அந்த நாற்பத்தைந்து கணக்கில் இடமில்லை. டிக்கிக்கும் இல்லை. டிக்கி முழுவதையும் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு மச்சான் வண்டிக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்றார்.

பிறகு மனைவி மாடிப்படியில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது கால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினார். வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஒழுங்காக உட்கார்ந்து எழ, முட்டி தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் இறுகிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காலை நீட்டி உட்கார அவளுக்குப் பின்சீட் முழுவதும் வேண்டும். அவளுடைய சக்கர நாற்காலி முன்சீட்டில் நுழையவில்லை; டிக்கியில்தான் போயாக வேண்டும். அங்கே சிலிண்டர். ஒரு தடவை கூரைமேல் கயிறு போட்டுக் கட்டினார். வழியில் சரிந்து விழுந்து ஒரு சக்கரம் கோணிக்கொண்டது. சிலிண்டரைக் கழற்றலாம். ஆனால் கேஸ் மாட்டப் போட்ட பணம் திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஓட வேண்டியிருந்தது. மச்சானைக் கூப்பிடலாம். மகாராஜா என்று கிண்டலடித்த வாயால் எப்படிக் கேட்பது?

கேட்கவில்லை. வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார். காலைப் பிடித்து மடக்குவார்; அவள் பல்லைக் கடிப்பாள்; இவருக்கு மனசு கேட்காமல் விட்டுவிடுவார். மச்சான் விசாரித்தபோது, எல்லாம் முறையாக நடக்கிறது என்று பொய் சொன்னார். இப்படியே இரண்டு மாதம் போய்விட்டது.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டை அவரிடம் நீட்டியபடி அவள் சொன்னாள்: "சக்களத்திக்கு டிக்கியைக் குடுத்துட்டீங்க. ஊரெல்லாம் அவளைத்தான் சுத்திக் காட்டுறீங்க. நல்லா இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய்க் கழற்றச் சொன்னார். "நாப்பத்தஞ்சா சொல்றது? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் அவன். கழற்றிய சிலிண்டரை, வாங்கிய விலையில் கால்வாசிக்குக்கூட யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தார். அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். அங்கே மச்சான். டிக்கியைப் பார்த்தான். பின்சீட்டில் காலை நீட்டியிருந்த அக்காவைப் பார்த்தான்.

"மாமா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மகாராஜா என்று திருப்பிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஆஸ்பத்திரியில், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று பயிற்சி அம்மா கேட்டார். முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். மனைவி கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த அம்மா முட்டியின் பக்கவாட்டில் கோணம் அளக்கும் அளவுகோலை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இறுகிப் போச்சுங்க. இனிமே இவ்வளவுதான்."

முப்பது டிகிரி.