வண்டி முதலில் நின்ற இடம்

அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக நான் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்த நடையைப் பார்த்தவர்கள், அடுத்த எலெக்‌ஷனில் நான் நிற்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். என் வீடு மலையாளப் பக்கத்துச் சித்தூரில். அம்மா இருக்கும் தோட்டமும் அந்தப் பக்கம்தான், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. பஸ் பிடித்து வந்து, ஆபீசில் பதில் சொல்லத் தெரியாமல் முழித்து, தோட்டத்துக்குப் போய் அம்மாவைத் திட்டிவிட்டு, மறுபடி பஸ் பிடிப்பேன்.

நிலமும் மோட்டார் கனெக்‌ஷனும் அப்பா பேரில் இருந்தன. சான்றிதழ் இல்லாமல் எதுவும் அம்மா பேருக்கு மாறாது. அப்பா கடைசியாகக் கிடந்த பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் கேட்டால், உயிரோடுதான் கூட்டிக்கொண்டு போனீர்கள், உங்கள் ஊரில் பதியுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் கேட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்திருந்தால் நாங்கள் பதிய முடியாது, கூட இருந்தவர் நேரில் வந்து எங்கே, எப்போது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். கூட இருந்தவள் அம்மா. அவளோ கழுவுற மீனில் நழுவுற மீன். ஒரு நாள் முழங்கால் வலி. ஒரு நாள் மாடு கன்று போடும்போல இருக்கிறது. மாடு சினையாகவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா ஏன் நழுவினாள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, "என்னை நம்ம ஊட்டுக்குக் கொண்டு போயிரு" என்று மட்டும் அப்பா அம்மாவிடம் கேட்டிருந்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் காரில் அவர்களைக் கூட்டி வந்தார். நான் தோட்டத்து வீட்டில் கட்டிலைத் தட்டிப்போட்டுக் காத்திருந்தேன். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வாசலில் நின்றிருந்தார். வெளியே போன உயிரை வீட்டுக்குள் ஏற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழியில் இறந்தவருக்கு வாசல் பந்தல்தான், அங்கிருந்தபடியே சுடுகாடு. பெரியப்பா இந்த விஷயத்தில் சொந்தத் தம்பிக்குக்கூட ஒரு அடி விட்டுக்கொடுக்கமாட்டார்.

மத்தியானம் கார் வந்து நின்றதும் அம்மா குதித்து இறங்கினாள். "உசுரு இருக்குது, உள்ள தூக்குங்க!" என்று கத்தினாள். நான் கால் பக்கம் பிடித்தேன். பாதம் ஜில்லென்றிருந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் கிடத்தி, ஒரு கரண்டி பால் ஊற்றினாள். பால் உதட்டோரம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் "போயிட்டாரே" என்று விழுந்து அழுதாள்.

"குடுத்து வெச்சவன். சொந்த ஊட்டுல போயிருக்கான்" என்றார் பெரியப்பா. அன்றோடு விட்டாரா? காரியத்துக்கு வந்தவர், போனவர் எல்லாரிடமும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை ஊருக்கே பரிமாறிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஆபீசுக்கு அம்மா வந்தே ஆகவேண்டிய நாள் வந்தது. இன்னும் தள்ளினால் மேலதிகாரி அனுமதி, விசாரணை என்று இழுக்கும் என்றார்கள். சொந்தத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது பெரியப்பாவின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு ரோட்டில் நின்றார். மாமாதான் கார் ஓட்டினார். வழியில் பெரியப்பா ஒருவரே பேசினார்.

செக்ரட்டரி மலையாளப் பெண், என்னைவிட இளையவர். எல்லையில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் வந்திருந்தது. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். "அம்மா, மரிச்சது எங்கே, எப்போ, ரெண்டும் சொல்லணும். இது சத்தியம் பண்ணி எழுதித் தர்றதாக்கும். தப்பா சொன்னா பின்னே பிரச்சினை."

"ஊட்டுலதானுங்க. கட்டில்ல. நானே பாத்தேன்" என்று பெரியப்பா முந்திக்கொண்டார்.

"அவங்க சொல்லட்டே."

அம்மா பேனாவை எடுத்தாள். போட்டுவிடு அம்மா, போட்டுவிடு, போனால் போகிறது என்று மனசுக்குள் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாயில சொன்னது வேற. கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்றதுக்கு எனக்கு வரலீங்க" என்றாள். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பாமல், செக்ரட்டரியை மட்டும் பார்த்துச் சொன்னாள். "பொள்ளாச்சி தாண்டிச் சித்த தூரந்தான். செக்போஸ்ட்டு வரதுக்கு ரொம்ப முந்தியே போயிட்டாருங்க. என்ற மடியிலதான் தலை. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னக்கா சொல்ற? ஊடு வர வரைக்கும் மச்சாங்கிட்ட பேசிட்டே வந்தியே! வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க, தேங்கா போட ஆளு வந்துட்டுப் போச்சுன்னு..."

"பேசலீன்னா உனக்குத் தெரிஞ்சு போயிருமில்ல. நீ ஓரங்கட்டி நிறுத்திட்டு அழுவ. அப்புறம் யாரு ஓட்டறது?"

"அவருக்குக் குளுருதான்னு கேட்டேன். ஆமான்னு சொன்ன. நானும் ஏசியைக் கொறைச்சேனே!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பாதம் ஜில்லென்றிருந்தது வரைக்கும்தான் நான் அறிந்திருந்தேன். அத்தனை தூரமும், பதில் வராது என்று தெரிந்தே, அவள் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்ததை அன்றுதான் கேட்டேன். அவளைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சான்றிதழும் போச்சு, மறுபடியும் பொள்ளாச்சி. வீட்டுக்குள் ஏற்றிய பாவத்துக்கு இந்த மனுஷன் என்ன பரிகாரம் கேட்கப்போகிறாரோ.

செக்ரட்டரிதான் பேசினார். மாமாவைப் பார்த்து, "வண்டி இடையில எங்கேயாச்சும் நிறுத்தினதா?" என்றார்.

"அக்கா எங்கீங்க நிறுத்த விட்டுச்சு? ஒரு டீ குடிக்கக்கூட விடலீங்க. தண்ணியாச்சும் குடுக்கலாம்னேன், தூங்கறாரு ஓட்டுன்னுச்சு. செக்போஸ்ட்டுலயும் யாரும் கை காட்டலீங்க."

"அப்போ முதல்ல நின்னது?"

"ஊட்டு வாசல்லதானுங்க."

செக்ரட்டரி பக்கத்து மேசைக்காரரிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். "ஓடுற வண்டியில மரிச்சா, வண்டி முதல்ல நிக்கிற இடத்துலதான் பதியணும். அதுதான் சட்டம். நின்னது உங்க வீட்டுல. அப்போ இங்கேதான் பதியும். அம்மா, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்து போடுங்க."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் நான் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். அடுத்தது பெரியப்பாவின் முறை.

அவர் பேனாவை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"வழியில எங்கீம் எறங்கலியே அவன்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப ஊட்டுக்குத்தான வந்திருக்கான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. கையெழுத்தைப் போட்டுவிட்டு யாருக்கும் காத்திராமல் வெளியே போய்விட்டார். இந்த மனுஷனைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

இரண்டு நாளில் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம் என்றார் செக்ரட்டரி. அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது பெரியப்பா கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தென்னந்தோப்புகள் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், ரோட்டோரம் ஒரு டீக்கடை தெரிந்தது. அம்மா முன் சீட்டைத் தட்டினாள்.

"தம்பி, நிறுத்து. டீ குடிக்கலாம்."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்து சாமி. இனி எங்க வேணாலும் நிறுத்தலாம்."