சாமி மண்ணில் போட்ட விதை

அந்தப் பூவுக்கு ஜினியா என்று பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. தென்காசியில் என் அம்மா அதை ஸ்டேஷன் பூ என்றுதான் சொல்லுவாள். ரயிலடித் தோட்டத்தில் கேட்டு வாங்கிய விதை. எங்கள் புறவாசல் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடக்கும்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். நான் சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருடமே அம்மா போய்விட்டாள். தண்ணீர் விட ஆளில்லாமல் அவள் செடிகளும் பட்டுப்போயின. பதினாறு கழிந்து கிளம்பும்போது, காய்ந்து நின்ற பூக்களை உதிர்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நகைநட்டை அண்ணிமார் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்றால் பொய்.

துக்க வீட்டுச் சேலையோடு புகுந்த வீட்டுக்குள்ளே வரக்கூடாது. நேரே கிணற்றடிக்குப் போய், முடிச்சை அவிழ்த்து விதையை ஒரு பூவரச இலையில் கொட்டிவிட்டு, சேலையைத் துவைகல்லில் அலசித் தலைமுழுகினேன்.

மறுநாள் தொழுவத்துப் பக்கம் கரிசலைக் கொத்தி விதைத்தேன். அங்கேதான் என் அதிபுத்திசாலித்தனம் வேலை செய்தது. இந்த ஊரில் சிரங்கானாலும் காய்ச்சலானாலும் கோயில் புற்றுமண்ணைக் கரைத்துப் பூசுவார்கள். அம்மாவின் விதைக்கு மட்டும் அது ஆகாதா? மாடத்தில் இருந்த கட்டியைப் பொடித்து, விதை மேல் கனமாகத் தூவி, தண்ணீர் தெளித்துக் கும்பிட்டேன்.

மத்தியானங்களில் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுவேன். வெயிலில் ஊரே கண் செருகிக் கிடக்கும். கிணற்று ராட்டினம் காற்றில் லேசாக முனகும். வெறும் மண்ணைப் பார்க்கப் பார்க்கப் பூக்கள் தெரியும். நடுவே அம்மா குனிந்து நிற்பாள். முகம் மட்டும் திரும்பாது. "சோறு ஆறிப்போச்சுட்டி" என்று மாமியார் கூப்பிடுவது வேறு ஏதோ வீட்டில் கேட்பதுபோல இருக்கும்.

ஒன்பதாம் நாள் மாமியார் வந்து பாத்தியை விரலால் தட்டினார்.

"ஏட்டி, புத்து மண்ணையா போட்ட? தண்ணியும் வெயிலும் பட்டா செவரா இறுகிரும்லா!"

தோசைக்கரண்டியால் நெம்பினார். மண் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் முளைகள் எல்லாம் இருந்தன, தலைநிமிர வழியில்லாமல் மடங்கி, வெளுத்து, அழுகி. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

"மணமில்லாத பூவுக்கா இந்த அழுகை?" என்று எழுந்து போனார். அன்றைக்கு அவரை வெறுத்தேன்.

கொஞ்ச நாளில் அவர் கிணற்றடியில் துவைப்பதை விட்டார். தொழுவத்துத் தொட்டிப் பக்கம் தண்ணீரைச் சுமந்துபோய்த் துவைத்தார். என்னையும் அங்கேயே துவைக்கச் சொன்னார். "கல்லு வழுக்குது" என்றார். துவைகல்லுக்குப் பின்னால் ஓலைத்தட்டி ஒன்று சாத்தியிருந்தது. எங்களுக்குள் பேச்சுக் குறைவு, நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. ஒங்கம்மை வந்திருக்காவ."

தட்டியை நகர்த்தினார். அன்று துக்கச் சேலையை அலசிய தண்ணீர் ஓடிய இடத்தில் ஒரே ஒரு செடி. அதில் ஒரே ஒரு சிவப்புப் பூ. நான் கையை நீட்டினேன்.

"பறிச்சிராத" என்றார் மாமியார். "விதைக்கு நிக்கட்டும்."