திருமதி செல்வி

செல்வி இறந்த செய்தி கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படத்தில் அவர் தோளில் ஒரு பொன்னாடை. ‘எல்லையில் எதிரியின் குண்டுக்கு இரையான மாவீரரின் துணைவி மறைந்தார், வீரவணக்கம்’ என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி நூலகத்தில் செல்வி உதவியாளராக இருந்தார். நான் அங்கே பொருளியல் நடத்துகிறேன். இருவருக்கும் வீடு புதுப்பட்டினத்தில், அதனால் காலையில் ஒரே பேருந்து. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. “மேடம் வாயத் தொறந்தா அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?” என்பார். பிறகு இருவருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டு வருவார். அந்தப் பேருந்தில் எங்களோடு வந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும்.

அவர் கணவர் ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர். மலையில் சாலை போடும் வேலைக்குக் காவலாகப் போன இடத்தில் மண் சரிந்து இறந்தார். மகள் கவிதா அப்போது கைக்குழந்தை. அதன் பிறகு கொடி நாள், சுதந்திர தினம் என்று யாராவது செல்வியை மேடைக்கு அழைப்பார்கள். மேடையில் அவர் கணவர் ஒருபோதும் மண் சரிந்து சாவதில்லை. ஒரு பேச்சாளர் அவரை நெஞ்சில் குண்டு வாங்க வைத்தார். இன்னொருவர் பனியில் கொடியோடு விழ வைத்தார். ஒருமுறை செல்வி மேடையிலேயே, “மண்ணு சரிஞ்சி போய்ட்டாரு சார்” என்று திருத்தினார். பேச்சாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “தெரியும்மா, இப்படிச் சொன்னாத்தான் ஜனங்களுக்கு ஏறும்” என்றாராம். மறுநாள் பேருந்தில் இதைச் சொன்ன செல்வி, “ரோடு போட்ற எடத்துல செத்தா அது சாவு இல்லியா மேடம்? அந்த ரோட்லதான இவங்க டூர் போறாங்க?” என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் வீட்டில் பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. “போத்திக்கினா குளுரு தாங்காது, தொடச்சா தண்ணி இழுக்காது. இன்னாத்துக்கு மேடம் இத்தப் போய் நெய்றாங்க?” என்பார். ஒன்றை எனக்குக் கரும்பலகை துடைக்கக் கொடுத்தார். அது சாக்பீஸ் தூளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியதோடு சரி.

உதவியே இல்லை என்று எழுதினால் அது பொய். குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. படைவீரர் பிள்ளைகளுக்குப் பொறியியல் கல்லூரிகளில் தனி இடங்களும் உண்டு. கவிதா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்ததும் செல்வி நம்பியிருந்தது அந்த இடத்தைத்தான். அதற்கு ஓர் அலுவலகம் சான்று தரவேண்டும். எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும். நானும் உடன் போயிருந்தேன். எழுத்தர் கணினியைப் பார்த்தார்.

“செல்வின்னு கீதும்மா. கல்யாணம் ஆவாதவங்களுக்கு எப்படி சர்டிபிகேட் குடுக்கறது?”

“செல்வி என் பேரு சார்.”

“அது பேருக்கு முன்னாடி போட்றதும்மா. பேரு எங்க?”

என்றைக்கோ பதிவு செய்த யாரோ ஒருவர் ‘செல்வி’ என்பதைப் பெயர் என்று நினைக்காமல் அடைமொழிக்கு உரிய கட்டத்தில் போட்டுவிட்டு, பெயருக்கு உரிய கட்டத்தில் அவர் தந்தையின் பெயரை இட்டிருந்தார். மிச்சத்தைக் கணினி முடித்துவிட்டது: மணமாகாதவர். ஓய்வூதியப் புத்தகத்தில் ‘மனைவி’ என்று இருப்பதைக் காட்டினேன். “அது அவங்க ரெக்கார்டு மேடம். எங்க ரெக்கார்டுல இல்லியே” என்றார். தமிழ் பேசுகிற மனிதர். அவர் தெருவிலேயே இரண்டு செல்விகளாவது இருப்பார்கள். மேலிடத்துக்கு எழுதித்தான் திருத்த முடியும், நாளாகும் என்றார்.

வெளியே வந்ததும் செல்வி சொன்னார்: “புருசன் செத்ததுக்கு ஒருத்தன் பென்சன் குடுக்கறான். புருசனே கெடையாதுன்றான் இன்னொருத்தன். நல்ல பேஜாரு மேடம்.”

கலந்தாய்வு நெருங்கிய அந்த நாட்களில்தான் மாமல்லபுரத்தில் ஒரு விழா. கடலோர விடுதியின் குளிரூட்டிய அரங்கம். அதே அலுவலகத்தின் அதிகாரி மேடையில் இருந்தார். ‘வீரமங்கை திருமதி செல்வி அவர்கள்’ என்று அழைத்தார்கள். அதிகாரி பொன்னாடையைப் பிரித்தார். செல்வி தலையைக் குனியவில்லை.

“சார், உங்க ஆபீஸ்ல நான் கல்யாணம் ஆவாதவ. இங்க திருமதின்றீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு அப்பறம் போத்துங்க. எம் பொண்ணுக்கு சீட்டு போய்டும்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. அரங்கம் சிரித்தது, கைதட்டவும் செய்தது. அதிகாரியும் சிரித்தபடியே, “கண்டிப்பா பாத்துக்கலாம்மா, கேமராவப் பாருங்க” என்று போர்த்திவிட்டார். என் அருகில் இருந்தவர், “நல்லா காமெடி பண்றாங்க இல்ல?” என்றார். வாட்ஸ்அப்பில் வந்தது அந்த நொடியில் எடுத்த படம்தான்.

சான்று வந்தது. கலந்தாய்வு முடிந்த பிறகு வந்தது. செல்வி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இப்ப எனக்குக் கல்யாணம் ஆய்டிச்சி மேடம், வாங்க, நாஸ்தா வாங்கித் தரேன்” என்றார். கடையில் தன் தோசையை அவர் தொடவே இல்லை.

கவிதா எங்கள் கல்லூரியிலேயே கணிதம் படித்தாள். இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு தணிக்கையாளரிடம் வேலை செய்கிறாள். ‘நல்லாத்தானே இருக்கா’ என்கிறார்கள். அவள் நன்றாக இருப்பது அவர்களுடைய சாதனை அல்ல.

பால் தெளித்த அன்று அவளோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மாமல்லபுரம் விழாக் குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார். கவிதா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள். ஆழ்ந்த இரங்கல் என்று தொடங்கியவர், அம்மாவுக்குப் பதிலாக இந்த வருடம் அவள் மேடைக்கு வரவேண்டும் என்றார். பிறகு, “பத்திரிகை அடிக்கணும்மா. உங்க பேருக்கு முன்னாடி செல்வியா, திருமதியா?” என்றார்.

கவிதா என்னைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் அவள் அம்மாவின் சிரிப்பு வந்து போனது.

“செல்வி எங்கம்மா சார். நான் வெறும் கவிதா. நான் வர்ல.”

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தப் போகிறார்கள். பேச அழைத்தார்கள், மறுத்துவிட்டேன். மாவீரர், எல்லை, குண்டு எல்லாவற்றையும் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது எதையும் துடைக்காத ஒரு பொன்னாடை. அதோடு, மேடையும் அலுவலகமும் சரியாகச் சொல்லாத இரண்டு செய்திகள். அவர் கணவர் மண் சரிந்து இறந்தார். அவர் பெயர் செல்வி.