தம்பி கமாண்டோவாக ஓடிய படம்

பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். யாரும் என்னைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. போன வருஷம் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒரு கமாண்டோ படம் எடுத்தார்கள். என் தம்பியும் கூட்டத்தில் ஒருவனாகச் சீருடை மாட்டி, துப்பாக்கியோடு இரண்டு நாள் ஓடினான்.

ராசிபுரத்தில் குடும்பத்தோடு படம் பார்த்தோம். திரையில் அவன் முகம் ஒரு நொடி வந்ததும் என் மகளே எழுந்து, “சித்தப்பா!” என்று கத்தினாள். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் தம்பி ஆசையாக, “எப்படி இருந்துச்சுங்கண்ணா?” என்று கேட்டான்.

“துப்பாக்கியைப் புடிச்சதே தப்பு,” என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போனது.

உண்மையில் அவன் சரியாகத்தான் பிடித்திருந்தான். அதை அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.