சைவச் சண்டை

கோயிலுக்குச் சொந்தமான கடை வாடகைக்குக் கிடைக்காவிட்டால் சென்றாயன் சொந்த ஊரான பேரிகைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே அண்ணனுடைய தக்காளித் தோட்டத்தில், அண்ணன் ஏசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு தண்ணீர் கட்ட வேண்டும். கிடைக்கக் கூடாது என்று நான் பெருமாளை மனதார வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவன் ஓசூருக்கு வந்தது தொழிற்சாலை வேலைக்கு. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை அதட்டியதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து வேலையை விட்டான். அந்த ரோஷக்காரன் அடுத்துச் செய்த தொழில், எங்கள் காம்பவுண்டில் என் அறையை ஒட்டிய அறையில் டிவியோடு வீடியோ கேம் பெட்டியை மாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள விட்டது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் எலும்பு முறிகிற சத்தம்தான் தாலாட்டு. கடைசியில் வீட்டுக்காரருக்கே பொறுக்காமல், மாதக் கடைசிக்குள் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அவன் கோயில் கடைக்கு அலைந்தான்; எனக்கோ அவன் அறையைக் காலி பண்ணினால் மட்டும் போதாது, ஊரையே காலி பண்ண வேண்டும்.

பெங்களூர் மால்களில் ஆளுயர மெஷினில் காசு போட்டு ஆடுகிற சண்டை, தன் டிவிக்கே வந்துவிட்டதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

"அங்க வர்ற அதே கேம்ணா. ஒரு குத்து கொறையாது" என்பான், ஏதோ இவனே உட்கார்ந்து செய்தது மாதிரி. ஜெயித்தவன் கடைசியில் தோற்றவனின் தலையைத் திருகிப் பிடுங்குவான். டிவி முழுக்க ரத்தம் தெறிக்கும்.

தெருவில் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் இவன் மூளை வேலை செய்தது. வீட்டு டிவியில் ஆடுகிற கேமில் ஒரு வசதி உண்டு. ஆப்ஷனில் போய் ரத்தத்தை மட்டும் நிறுத்திவிடலாம். ரத்தம் வந்தால் அசைவம், வராவிட்டால் சைவம் என்று பெயர் வைத்தான். புரட்டாசி பிறந்ததும் வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது: 'புரட்டாசியை முன்னிட்டு சைவச் சண்டை மட்டும்.' தலை அப்போதும் பிய்ந்துதான் வந்தது. ஆனாலும் அம்மாக்களுக்குத் திருப்தி. பிள்ளைகள் நெற்றியில் நாமத்தோடு வந்து உட்கார்ந்து தலை பிடுங்கினார்கள். இவர்களையெல்லாம் என்ன சொல்வது?

கடையைக் கொடுப்பதற்கு முன்னால் நேரில் பார்க்க வேண்டும் என்று, ஒரு சனிக்கிழமை கோயில் தர்மகர்த்தா கோவிந்தன் வந்தார். சாட்சிக்கு நல்ல மனுஷன் ஒருவன் இருக்கட்டும் என்று என்னையும் எழுப்பி உட்கார வைத்தான் அந்தப் படுபாவி.

"கோயில் எடம்ப்பா. அடிதடி, ரத்தம்னு எதுவும் ஆவாது" என்றார் தர்மகர்த்தா.

"சுத்த சைவம்ங்கய்யா. நீங்களே பாருங்க."

சென்றாயன் ஆட ஆரம்பித்தான். பாதியில் கரண்ட் போனது. அது பவர்கட் காலம், சொல்லிக்கொண்டு போகாது. திரும்பி வந்ததும் அவசரத்தில் சண்டையைத் தொடங்கிவிட்டான். கரண்ட் போய் வந்தால் பெட்டிக்குச் சைவம் மறந்துபோகும் என்பது அவனுக்கே மறந்துபோயிற்று. முதல் குத்திலேயே ரத்தம் பீறிட்டது.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று தன் பெயரையே கூவிக்கொண்டு எழுந்தார் தர்மகர்த்தா. "சனிக்கெழமையும் அதுவுமா!"

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தூக்கம் கெட்டது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

சென்றாயன் ஓடிப்போய் அவரை மறித்தான். "கரண்ட் பண்ண வேலைங்கய்யா, நான் பண்ணல. போய் வந்தா அதுவா அசைவத்துக்கு மாறிடுதுங்க. ஒரு நிமிஷம்…"

ரத்தத்தை நிறுத்தினான். மறுபடி ஆடி, அதே ஆளின் தலையை அதே மாதிரி பிடுங்கிக் காட்டினான். தர்மகர்த்தா டிவிக்குப் பக்கத்தில் குனிந்து, துணிக்கடையில் சேலையில் கறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்ப சுத்தமா இருக்குது. மறுபடி கரண்ட் போச்சுன்னா?"

"இன்வெர்ட்டர் போட்டுர்றேங்கய்யா."

"அப்ப சரி. நல்ல நாளா பாத்து கடைய தொறந்துக்க."

சென்றாயன் அவர் காலில் விழுந்தான். எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், தர்மகர்த்தா வழியை அடைத்துக்கொண்டு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"அத இங்க குடு. தலைய புடுங்கறது எந்த பட்டன்?"