அல்வாலில் காய்ந்த துணி

அரசாங்கத்தில் ஒருவர் 'இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்' என்று சொன்னால் அந்தக் காரியத்தை மறந்துவிடலாம். ஹைதராபாத்தில் மின் திட்டப் பிரிவில் குப்பை கொட்டுகிற எனக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான், நான் தயாரித்த வரைவில் வடக்கு மாவட்டங்களின் சூரிய மின் நிலையங்களுக்கு எதிரே தலைமைப் பொறியாளர் பென்சிலால் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தெற்கில் வெயில் கூடுதல், தரிசு நிலம் நிறைய. எல்லாவற்றையும் அங்கேயே வைத்தால் செலவு குறையும். ஆனால் ஒரு மேகக்கூட்டம் வந்து நின்றால் மொத்த உற்பத்தியும் சேர்ந்து விழும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வடக்கே ஆதிலாபாத் பக்கம் நான் பார்த்த ஒரு கிராமம். நீண்ட மின்கம்பியின் கடைசியில் இருக்கிற ஊர். பகலில் வோல்டேஜ் இறங்கி, பம்ப்செட் மோட்டார் சுற்றாமல் உறுமி உறுமியே உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். கருகிய மோட்டாரைக் காட்டிய பெண்மணி, "வெயில் எங்களுக்கும்தானே அடிக்கிறது?" என்று தெலுங்கில் கேட்டார். பக்கத்திலேயே ஒரு சின்ன நிலையம் வந்தால் அவர் மோட்டார் பிழைக்கும். அவரிடம் போய் இரண்டாம் கட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வரைவு அன்று மாலையே செயலகத்துக்குப் போக வேண்டும். மதியக் கூட்டத்தில் என் வரைபடங்களை வரிசையாகக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பென்சில் எழுத்து மட்டும் அசையவில்லை.

"மழைக்காலம் என்றால் மாநிலம் முழுக்க மழைதானே அம்மா, பிரித்து வைத்து என்ன ஆகப் போகிறது?" என்றார் தலைமைப் பொறியாளர். ஜன்னலுக்கு வெளியே அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மழையைப் பார்த்ததும் வீட்டு மொட்டைமாடியில் காலையில் போட்ட துணி ஞாபகம் வந்தது. சட்டென்று, ஊரின் இன்னொரு கோடியில் அல்வாலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவரைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நான் திருநெல்வேலிக்காரி, அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சிகந்தராபாத்.

"ஏங்க, துணி காஞ்சிருச்சா?"

"ஹவ், எப்பவோ காஞ்சிடுச்சு. இங்க சுள்ளுன்னு வெயில். கைக்கு கேக்குற?"

அறையில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதுக்கு என்பதற்கு 'கைக்கு' என்று அவர் கலந்த ஹைதராபாத் உருது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. மிச்சத்தை நான் தெலுங்கில் சொன்னேன். சிரிப்பு கிளம்பியது. சும்மா இருப்பார்களா? மௌலா அலியில் வீடு உள்ளவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அங்கே தூறல். இன்னொருவர் வீடு இருக்கும் திருமுல்கேரியில் வெறும் மேகம்.

"ஒரே ஊருக்குள்ளேயே இப்படி என்றால், சார், வடக்கே ஆதிலாபாத்தும் தெற்கே நாராயண்பேட்டையும் ஒரே நேரத்தில் இருட்டுமா?" என்றேன்.

தலைமைப் பொறியாளர் என் வரைபடத்தை மறுபடி இழுத்துப் பார்த்தார். "இதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னீர்களா?"

"இதையேதான் சார்."

ரப்பரை எடுத்தார். பென்சில் எழுத்தைச் சுத்தமாக அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அல்வால் ரோடெல்லாம் தண்ணீர். மொட்டைமாடிக் கொடியில் துணிகள் சொட்டச் சொட்டத் தொங்கின.

"மீட்டிங்ல என் குரல் கேட்டுச்சுன்னு அக்கம்பக்கம் பூரா சொல்லிக்கிட்டு இருந்தேன். எடுக்க மறந்துட்டேன். கோவம் நக்கோ, கோவம் வேணாம்," என்றார் கணவர், ஒரு அடி பின்வாங்கி. பிறகு மெதுவாக, "உன் ஆதாரமே நனைஞ்சிடுச்சே!"

"நனையட்டும். இங்க பெய்யும்போது ஆபீஸ்ல வெயில் வந்தாச்சு. நான் சொன்னதே அதுதான்."

துணிகளை அள்ளிக்கொண்டு வந்து மறுபடி மெஷினில் போட்டேன். பட்டனை அழுத்தியதும் அது ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண்மணியின் மோட்டாரும் இப்படிச் சுற்றும். முதல் கட்டத்திலேயே.