அக்காவின் அலுவலகமும் இரண்டு தாம்பூலப் பைகளும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். "நீதான் அவ கூடவே சுத்திக்கினு இருந்தே, நீயே எழுது" என்றார் அப்பா. அழுதுகொண்டே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. "மூக்கச் சிந்திக்கினு என்னாடி எழுத்து?" என்று அதட்டுவார். ஆகவே சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவாமாத்தூரில், நெல்லும் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையும் பயிரிடும் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். விழுப்புரத்தில் பி.காம். படித்து, அங்கேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அப்போது ஜி.எஸ்.டி. வந்த புதிது. எதை எப்போது தாக்கல் செய்வது என்று தெரியாமல் சின்னக் கடைக்காரர்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தவர், அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கச் சொந்தமாக அலுவலகம் போடத் துணிந்தார். விழுப்புரத்திலேயே போடலாமே என்றோம். இத்தனை நாள் சம்பளம் கொடுத்தவர் வாசலிலேயே போய்க் கடை விரிப்பதா என்று மறுத்துவிட்டார். திண்டிவனத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே மாடியறை கிடைத்தது. நாள் முழுக்க பன் வாசனை. அக்கா அந்த வருடம் குண்டானதற்கு அதுதான் காரணம், உழைப்பு அல்ல.

இருந்த வேலையை விட்டதில் அப்பாவுக்கு வருத்தம். "மாடில ஏறி ஒக்காந்துக்கினு ஈ ஓட்டப் போறியா? தை பொறக்கற வரைக்கும் பாரு. ஓடலன்னா பேசாம விழுப்புரத்துக்கே போயி பழைய வேலயக் கேளு" என்று கெடு வைத்தார். "சரிப்பா" என்றார் அக்கா. சொல்லிவிட்டாரே தவிர, தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று அன்று முதல் அவர் விரல்விட்டு எண்ணியது கூடவே பஸ்ஸில் போய்வந்த எனக்குத் தெரியும்.

மார்கழி வரை வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உரக்கடை மாமா. இன்னொருவர் அவருடைய மச்சான், எதிர்க்கடை மாமா. எங்களுக்கு உறவில்லை, மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவோம். ஒரே கடையாக இருந்து, சண்டை போட்டுப் பிரிந்து, எதிரெதிரே இரண்டு உரக்கடை வைத்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்க எப்படித்தான் முடிந்ததோ!

நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலருக்கு ஃபைல் என்பதே தாம்பூலப் பைதான். கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பையில் மாதம் முழுக்க பில்கள் விழும். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மாதம் முடிந்தால் பை அக்காவிடம் வரும். மாமனும் மச்சானும் என்னதான் பேசாவிட்டாலும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இருவருமே போயிருந்தார்கள். இருவர் பையிலும் அதே மஞ்சள், அதே மணமக்கள் பெயர். கணக்கை முடித்த அக்கா, பைகளைத் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் மேசைக்கடியில் உரக்கடை மாமாவின் பில் ஒன்று கிடந்தது. கொடுக்கப் போனோம். மாமா வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அத்தனையும் எதிர்க்கடைப் பில்கள்.

"யக்கா, இவரு இன்னும் தொறந்தே பாக்கல. அங்கயும் அப்பிடித்தான் தொங்கும். நைசா மாத்தி மாட்டிட்டு வந்துடலாம்" என்றேன்.

"அடுத்த வாட்டி தப்பு பண்ணாலும் இப்பிடியே நைசா மாத்திக்கினு திரியறதா? சும்மா வாடி" என்று சொல்லிவிட்டு, நேராக மாமாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"என்னா பொண்ணு, பேஜாரு பண்ணிட்ட! ஊர்ல எவன் பாத்தாலும் பரவால்ல, அவனா என் கணக்கப் பாக்கணும்?" மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

எதிர்க்கடையில் இதைவிட மோசம். "அவன் பையா என் கடைல தொங்குது? ஜல்தி எடுத்துக்கினு போ!" என்று கத்தியவர், பிறகு குரலை இறக்கி, "அவன் எதுனா பாத்தானா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை. இனிமேல் கணக்குத் தரப்போவதில்லை என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

தை பிறந்தது. மேசையை எடுத்துப்போக அப்பா ஒரு குட்டி யானை வண்டியோடு வந்துவிட்டார். மேசை பாதிப்படி இறங்கியிருக்கும்போது கீழே உரக்கடை மாமா நிற்கிறார், கையில் அதே மஞ்சள் பை.

"வேற ஆளுகிட்ட குடுத்தேம்மா. அவன் தப்பே பண்ணலங்கறான். கேட்டா மொறைக்கிறான். எனக்கு பயமா இருக்குது. தப்பு பண்ணா வந்து சொல்ற ஆளுதான் எனக்கு வேணும். புடி."

மாமன் மாடியேறியதைப் பார்த்த மச்சான் விடுவாரா? மத்தியானத்துக்குள் அவரும் வந்துவிட்டார். "அவனுக்கு மட்டும் பாப்பியா?" அப்பா வண்டிக்காரரைப் பார்த்து, "மேசைய மேல ஏத்துப்பா" என்றார். அக்கா அப்போதுதான் அழுதார்.

அதன்பிறகு சேதி கடைத்தெரு முழுக்கப் பரவி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அக்கா ஆளுக்கொரு நிறத்தில் துணிப்பை தைத்துக் கொடுத்தார். கல்யாணமாகி அக்காவின் கணவர் வந்த பிறகும், சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தபோதும் எந்தப் பையும் மாறவில்லை. அந்த மாதக் கணக்கெல்லாம் தாக்கலாகிவிட்டதா என்று என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகே கண்மூடினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அக்காவை வழியனுப்பிய அன்று எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தனுப்பிய பேக்கரிக்காரருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உரக்கடை மாமாவும் எதிர்க்கடை மாமாவும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பேசவில்லைதான். ஆனாலும் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இந்த மலரை உங்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுத் தருகிறோம். எல்லாப் பையும் ஒரே மஞ்சள்தான். விதவிதமாகத் தைக்க அக்கா இல்லை. பார்த்து எடுத்துப் போங்கள். மாறிப்போனால் பரவாயில்லை, நைசாக மாட்டிவிட்டு வராமல், நேரில் போய்ச் சொல்லி, பையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் அக்காவுக்கு நீங்கள் செய்யும் அஞ்சலி அதுதான்.